பனிமான் தாங்கும் தூரம்

தூரத்தை அளக்க மனிதன் இதுவரை கண்டுபிடித்ததிலேயே நம்பகமான கருவி ஒரு மானின் மூத்திரப்பைதான் என்று நம்புகிற தமிழர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சிட்னியில் எங்கள் கெல்லிவில் பக்கம் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் பின்லாந்து அங்கிள். சொந்தப் பெயர் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கேட்க வேண்டும் என்று இதுநாள் வரை எனக்குத் தோன்றியதில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் கனடா போகக் கிளம்பியவரை ஏஜென்ட் ஒருவன் பின்லாந்தில் இறக்கி, "இதுதான் கனடா" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டானாம். "எப்படி அங்கிள் நம்புனீங்க?" என்று கேட்டால், "பனி கொட்டிக்கொண்டு கிடந்தது தம்பி. வேற என்ன அத்தாட்சி வேணும்?" என்பார். வந்தது வந்தாயிற்று என்று அந்த நாட்டின் வடகோடியில், மனிதர்களைவிட மான்கள் அதிகமாக இருந்த ஓர் ஊரில், ஓட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். பிறகு சமைத்தார். பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கு மான் வண்டி ஓட்டினாராம். இது அவர் சொல்வது, சாட்சி கிடையாது. முடி நரைத்தபின் மகள் கூப்பிட்டாள் என்று சிட்னி வந்தார்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரு தடித்த கோட்டும், இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்து மூன்றாவதாக ஒன்றைச் செய்கிற அந்த நாட்டுப் பழக்கமும்தான். ஃபிரிட்ஜை அவர் ஃபிரிட்ஜ் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே ஐஸையும் அலுமாரியையும் சேர்த்துத்தான் சொல்வார்களாம். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் என் மனைவி நித்யாவிடம், "பிள்ளை, ஐஸலுமாரிக்க மோர் கிடக்கோ?" என்றுதான் கேட்பார்.

அப்படி ஒட்டிய வார்த்தைகளில் அவர் குலதெய்வம் போலக் கொண்டாடியது ஒன்று உண்டு: பொரோன்குசேமா. பொரோ என்றால் பனிமான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுத்துக்கொண்டு வருமே, அது. குசேமா என்றால் அது ஒன்றுக்கு இருந்தது. (தமிழ்க் காதுக்கு அந்தப் பின்பாதி வேறு வாசனை அடிக்கும். முதல் தடவை கேட்டபோது எல்லாரும் சிரித்தோம்.) பனிமான் ஓடிக்கொண்டே ஒன்றுக்குப் போகாது, நின்றுதான் ஆகவேண்டும். நிறுத்தாமல் விரட்டினால் நோவு கண்டு படுத்துவிடும். ஆகவே ஒரு தடவை நின்ற இடத்திலிருந்து அடுத்த தடவை நிற்கிற இடம் வரைக்கும் ஒரு பொரோன்குசேமா. நமக்குக் கூப்பிடு தூரம் மாதிரி அவர்களுக்கு இது.

நான் விடுவேனா? போனை எடுத்துப் பார்த்தேன்.

"ஏழரை கிலோமீட்டர்னு போட்டிருக்கு அங்கிள்."

"ஆர் போட்டது?"

"இன்டர்நெட்ல."

"மானைக் கேட்டே போட்டவங்கள்? கோடையில ஒரு தூரம், குளிரில ஒரு தூரம். கிழட்டு மானுக்கு ஒண்டு, சினை மானுக்கு வேற ஒண்டு. வண்டிக்காரன்தான் பார்த்து நிப்பாட்ட வேணும்."

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று அவரிடம் கேட்டதுதான் நான் செய்த தவறு. அரசனுக்கு வரி வசூலிக்க வந்தவன் ஒருவன், "அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டானாம். அந்த ஊர்க்காரனுக்கு எண்ணத் தெரியாது. பனியில் மஞ்சளாகத் தெரிந்த இடங்களைக் கையைக் காட்டி, "இப்படியே பார்த்துக்கொண்டு போ" என்றானாம். சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே சொல்லை அண்ணன் தம்பி இருவர் காணி பிரித்த கதையிலிருந்து பிறக்கவைத்தார். அதற்கடுத்த வாரம் பாதிரியார் ஒருவர் வந்தார்.

"போன வாரம் அண்ணன் தம்பின்னு சொன்னீங்களே அங்கிள்?"

"அது தெற்குப் பக்கத்துக் கதை" என்று சொல்லிவிட்டு, மோரைக் குடித்து முடித்தார்.

இத்தோடு போயிருந்தால் அவரைச் சுவாரசியமான மனிதர் என்று வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பகுதிப் பெரியவர்களை மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்கு அழைத்துப் போக ஒரு வேன் உண்டு. அதை ஓட்டுவது அங்கிள். அவருக்குத் துணையாக லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது நித்யா உடனே கையைத் தூக்கினாள். அவள் தூக்கியது என் கையை.

நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் ரிலீஸ் தேதிகளுக்குக் காவல் இருப்பவன். தாமதம் என்ற சொல்லே எனக்கு உடம்புக்கு ஆகாது. அப்படிப்பட்டவனை அந்த வேனின் முன் சீட்டில் உட்கார வைத்தது என் ஏழரைச் சனி அன்றி வேறில்லை. கெல்லிவில்லிலிருந்து மேய்ஸ் ஹில் என்ன பெரிய தூரம்? ஆனால் வண்டி சூடாவதற்குள் அங்கிள் பிரேக்கைப் போடுவார். பின்னால் திரும்பி, கோவில் நாயனக்காரருக்குப் போட்டியான குரலில் அறிவிப்பார்:

"எனக்கு வருகுது!"

வெட்கம், மானம், கூச்சம் ஒன்றும் கிடையாது. பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்துவார். "கால் நீட்டுறவை இறங்கி நீட்டுங்கோ" என்பார். அவ்வளவுதான், வேனே காலியாகும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர், தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் என்று இறங்குவார்கள். திரும்பி ஏறுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிடும். கொஞ்ச தூரம் போனால் ஒரு பூங்கா, மறுபடியும் "எனக்கு வருகுது!" பொதுக் கழிப்பறைகளில் எது சுத்தம், எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் கைப்பிடி உண்டு என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்கள் போய்ச் சேரும்போது தீபாராதனை முடிந்திருக்கும். விபூதி மட்டும் மிச்சமிருக்கும்.

வேனில் வருகிறவர்களில் வெஸ்ட்மீட் அன்ரி என்று ஒருவர், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். அவரே ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"அண்ணை, உங்கட புரொஸ்டேட்டை ஒருக்காக் காட்டுங்கோவன்."

"ஆருக்கு?"

"டொக்டருக்குத்தான்! எனக்கே காட்டச் சொல்லுறன்?"

வேன் குலுங்கியது. அங்கிள், "ஓம் ஓம், காட்டுவம்" என்று ஸ்டீயரிங்கைத் தட்டிவிட்டு, அடுத்த திருப்பத்தில் மறுபடியும் நிறுத்தினார்.

இந்தச் சமயத்தில்தான் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்தார். ஆறு மாத விசா. வந்த நாளிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கோவிலுக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி. கடற்கரைக்குக் கூப்பிட்டால் காற்று ஆகாது. கடைக்குக் கூப்பிட்டால், "அங்க என்ன புதுசா இருக்கப் போவுது மாப்ள, நீங்க போயிட்டு வாங்க." ஹார்பர் பாலத்தை ஊரில் காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தவர், சிட்னி வந்தும் எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா தனியாக அழுதாள். அம்மாவுக்கு இங்கே பிடிக்கவில்லை என்று நினைத்தாள். எனக்கோ, என்னைத்தான் பிடிக்கவில்லை என்று சந்தேகம்.

இதற்கு நடுவில் கான்பெராவில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் இந்த அக்காதான். பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இந்த விசாவே அந்தக் கல்யாணத்துக்காக எடுத்ததுதான். ஆனால் நாள் நெருங்க நெருங்க, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேர்ந்தே அட்சதை போட்டுடறேன்" என்று ஆரம்பித்தார். தம்பி போனில் கத்தினார்:

"அக்கா, நீ வரலைன்னா நான் பொண்ணைத் தாரை வார்க்க மாட்டேன். முகூர்த்தம் போனாப் போவட்டும், ஆமா!"

போனை வைத்துவிட்டு என் மாமியார் சமையலறைக்குள் போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. காரணம் மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பார்த்து மோருக்கு வந்தார் பின்லாந்து அங்கிள். மாமியாருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஜையில் அம்மாவுக்காக நித்யா வைத்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, தன் மூத்திரப்பையின் வரலாற்றை ஆரம்பித்தார்.

"அக்கா, எனக்கு ஒரு வியாதி. பொரோன்குசேமாவுக்கு மேல தாங்காது. நான் வண்டி எடுத்தால் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போவன். கூட வாறவைக்குப் பெரிய தொல்லை. இந்தத் தம்பிக்கு என்னிலை சரியான கோபம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் தடவையாகப் பார்க்கிற ஒரு பெண்மணியிடம் பேசுகிற பேச்சா இது! நித்யாவுக்கு ஜாடை காட்டினேன். என் மாமியாரோ முகத்தைத் திருப்பவில்லை. "நிறுத்தி நிறுத்தித்தான் போவீங்களா?" என்று கேட்டார். மானைப் பற்றியும் விசாரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வேன் வருவதற்கு முன்பே வாசலில் நின்றார். நான் கூப்பிட்டபோதெல்லாம் வலித்த முழங்கால் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. கான்பெராவுக்கும் வருவதாகச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"அந்தப் பின்லாந்துக்காரர் வண்டி ஓட்டட்டும் மாப்ள."

என் கார், என் பெட்ரோல், ஓட்டுவது மட்டும் அவர்!

முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். விடியுமுன் கிளம்பினோம். முன்னால் அங்கிளும் நானும், பின்னால் நித்யாவும் மாமியாரும். எங்கெங்கே நிற்க வேண்டிவரும் என்று ஒரு தாராள மனதோடு கணக்குப் போட்டுத்தான் புறப்பட்டேன். அங்கிள் என் தாராளத்தையெல்லாம் முதல் பாதியிலேயே தின்று தீர்த்தார். "எனக்கு வருகுது!" ஒரு சர்வீஸ் சென்டர். "எனக்கு வருகுது!" ஒரு மரத்தடி ஓய்விடம். கோல்பர்னில் பிரமாண்டமான செம்மறியாட்டுச் சிலை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "இதுக்கு எவ்வளவு தூரம் தாங்குமெண்டு ஒருத்தரும் அளக்கேல்லைப் போல" என்று ஆராய்ச்சி வேறு. வரைபடத்தில் நாங்கள் போய்ச் சேரும் நேரம் பதினொன்றைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டிலிருந்து போன். "ஐயரைக் கொஞ்சம் இழுக்கச் சொல்லியிருக்கேன், சீக்கிரம் வாங்க" என்றார் தம்பி. எனக்கு வந்த ஆத்திரத்தில், அங்கேயே பெரிய கப்பில் காபி வாங்கிக் குடித்தேன். அது போதாமல் இன்னொன்றும் குடித்தேன். சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன்.

"போதும் அங்கிள்! இனிமே கான்பெரா வர்ற வரைக்கும் வண்டி எங்கயும் நிக்காது. மான் வந்தாலும் சரி, மயில் வந்தாலும் சரி!"

பின்சீட்டில் மாமியார் தண்ணீர் பாட்டிலைத் திறந்த கையோடு, குடிக்காமல், திரும்ப மூடினார். கண்ணாடியில் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கொஞ்ச தூரம் வீரமாக ஓட்டினேன். பிறகு அந்த இரண்டு காபியும் வேலையைக் காட்ட ஆரம்பித்தன. முதலில் லேசாக. பிறகு லேசாக இல்லை. சாலை வளைந்து ஜார்ஜ் ஏரிக்கரையோரம் போயிற்று. அந்த ஏரி சில வருஷங்களில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆடு மேய்கிற வெளியாகக் கிடக்கும். அன்றைக்குப் பார்த்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, கரை ததும்ப ததும்ப நிறைந்து, அலையடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன். பல்லைக் கடித்தேன். முருகா என்றேன். இப்போதுதான் ஊரையே அதட்டி அடக்கியவன், எந்த வாயால் நிறுத்துகிறேன் என்பது? மாமியார் வேறு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். உயிரே போனாலும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். உயிர் போகிற மாதிரியும் இருந்தது.

பக்கத்துச் சீட்டில் அங்கிள் என் தொடை நடுங்குவதைப் பார்த்தார். பார்க்காதது போல வெளியே திரும்பிக்கொண்டு கத்தினார்:

"தம்பி, நிப்பாட்டுங்கோ! எனக்கு வருகுது!"

"என்ன அங்கிள் நீங்க! சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா?" என்று நான் எரிந்து விழுந்தபோது, என் கை ஏற்கெனவே இண்டிகேட்டரைப் போட்டிருந்தது.

ஏரிக்கரை ஓய்விடத்தில் கார் முழுசாக நிற்பதற்கு முன்பே நான் இறங்கி ஓடினேன். வெளியே வந்தபோது உலகமே அழகாக இருந்தது. ஏரி அழகு, மேகம் அழகு, பின்லாந்து அங்கிளும் அழகு. அவர் சுவரில் சாய்ந்து நின்று மாண்டரின் பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையா அங்கிள்?"

"எங்கை?"

"உள்ளதான்! வருதுன்னு கத்துனீங்களே?"

"எனக்கெங்க வருது? காலமை வீட்டில போனதோட சரி" என்று ஒரு சுளையை வாயில் போட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமியார் முந்தானையைச் சரிசெய்தபடி வந்தார். முகம் தெளிந்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காரை நோக்கிப் போனார். அங்கிள் குரலைத் தணித்தார். அவருக்குத் தணிந்த குரலும் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

"அவா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிறா. அது போகச் சொல்லிக் கொண்டே இருக்கும். வெளியில வெளிக்கிடுறதெண்டால் முதல்நாளே தண்ணியை நிப்பாட்டிப்போடுவா. அந்த ஆறின கோப்பியைப் பார்த்தனீங்கள்தானே? ஆரும் வெளியில கூப்பிட்டுப்போடுவினமோ எண்டு பயந்து குடிக்கேல்லை. மருமகன்ர கார். வாய் திறந்து கேப்பாவே? எங்கட வேனில வாறவையும் அப்பிடித்தான். கேக்க வெக்கத்தில எத்தனை பேர் வீட்டுக்கையே கிடந்ததுகள் தெரியுமோ? ஒருத்தன் தனக்கு வருகுதெண்டால் மற்றவைக்குச் சுகம்."

முழங்கால் வலி, காற்று, "நீங்க போயிட்டு வாங்க மாப்ள" எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "அப்ப அந்த வார்த்தை நிஜமா எப்படித்தான் பிறந்தது அங்கிள்?" என்று கேட்டேன்.

"அதுவோ? வண்டியில ஒரு பொம்பிளை. நல்ல குளிர், நெடுந்தூரம். அவா பாவம், கேக்க மாட்டா. வண்டிக்காரன் விளங்கிக்கொண்டான். இறங்கி, 'மன்னிக்கோணும், மானுக்கு வருகுது' எண்டு சொல்லி நிப்பாட்டினவன். அண்டையிலிருந்து ஊரெல்லாம் அந்தத் தூரத்துக்கு அதுதான் பேர்."

"இதையாவது நம்பலாமா?"

"இது வடக்குப் பக்கத்துக் கதை" என்று சொல்லி, பாதிப் பழத்தை என் கையில் வைத்தார்.

காரில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பின்னால் நீட்டினேன். "குடிங்க அத்தை. போற வழியில இன்னொரு இடத்துல நிறுத்துவோம். அங்கிளுக்குத் தாங்காது." அத்தை வாங்கி, மடமடவென்று பாதி பாட்டிலைக் குடித்தார். நித்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சொன்னபடியே நிறுத்தினோம்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐயர் சொன்ன மந்திரத்தையே திரும்பச் சொல்லிக் குரல் கம்மிப் போயிருந்தார். மணவறையிலிருந்த தம்பி அக்காவைப் பார்த்ததும் வேட்டி தடுக்க எழுந்து ஓடிவந்து, அத்தனை பேர் முன்னாலும் குழந்தை மாதிரி அவர் தோளில் விழுந்து அழுதார். "போடா, முகூர்த்தம் போவுது" என்று அத்தையும் அழுதுகொண்டே அவரைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினார். தாலி நல்ல நேரத்தில்தான் ஏறியது. அங்கிள் அதற்குள் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

இப்போது அத்தை ஊரில் இருக்கிறார். வீடியோவில் வந்தால் முதல் கேள்வி, "பின்லாந்துக்காரர் சௌக்கியமா?" அங்கிளுக்குக் கண் பார்வை மங்கி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேனை நான் ஓட்டுகிறேன். அவர் என் பழைய சீட்டில் உட்கார்ந்து, அரசனையும் வரிக்காரனையும் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்.

போன வெள்ளிக்கிழமை அவர் பேசவில்லை. எங்கள் வீட்டில் நித்யா கொடுத்த மோரை வேண்டாம் என்றார். அதுவே எனக்கு உதைத்தது. பாதி வழியில் பார்த்தேன். சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருக்கிறார். பொய்யாக வந்தபோதெல்லாம் ஊருக்கே கேட்கக் கத்திய மனுஷன், நிஜமாக வந்தபோது வாயைத் திறக்கவில்லை.

இண்டிகேட்டரைப் போட்டேன். பின்னால் திரும்பி, எனக்கு இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன்:

"எனக்கு வருது!"

"ஐயோ தம்பி, உங்களுக்கும் தொடங்கிட்டுதே? டொக்டரிட்டைக் காட்டுங்கோ!" என்றார் வெஸ்ட்மீட் அன்ரி. வேன் குலுங்கிச் சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, கைப்பிடி உள்ள அந்தக் கழிப்பறையை நோக்கி நடந்தார்.

நான் வெளியே சுவரில் சாய்ந்து மாண்டரின் பழம் ஒன்றை உரித்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாக வரட்டும். தீபாராதனை போனால் போகிறது, விபூதி மிச்சமிருக்கும்.